குருளை தேர்தல்: நிலமும் மனையும்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் குருளை என்னும் பெயரை உரித்தாக்குகின்றது. நரிக்கும் அப்பெயர் பொருந்தும் என்கின்றது. குட்டி, பறழ் என்பனவும் அவற்றிற்கு விலக்கப்படா என்கின்றது. பெண் நாய்க்குப் பிணவு என்னும் பெயரையும், ஆற்றல் மிக்க ஆண்பாற்கெல்லாம் ஏற்றை என்னும் பெயரையும் அவ்வியலே கூறுகின்றது. இளமைக்கும் பாலுக்கும் இத்துணை நுட்பமாகப் பெயர் வகுத்த அந்நூல், நாயினுள் இன்ன இனம் இன்ன இனம் என்னும் பாகுபாட்டைத் தொட்டிலது. கூறாமை ஒன்றையே கொண்டு இல்லை எனத் துணிதல் ஆராய்ச்சி முறையாகாது. எனினும், இம்மௌனம் கருதற்பாலது என்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

ஒருவர் தாம் வாழும் ஊரின் வெப்பதட்பத்திற்கும் தம் மனைக்கும் பொருந்திய நாய்க்குருளையைத் தேர்தல் எங்ஙனம் என்னும் வினா இக்காலத்தார் பலரும் எழுப்புவது. அதற்கு விடை கூறுவோர், இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்னும் நாய்களைக் காட்டி, இவையே சங்கச் செய்யுட்களிற் பயின்ற வேட்டை நாய்கள் என்று சொல்லிவிடுகின்றனர். நாட்டுப்பற்றினால் எழும் அக்கூற்று நூற்சான்றுகளோடு ஒத்து வருகின்றதா என்று பார்த்தல் தமிழ் பயில்வார் கடன். சான்றுகளை உள்ளவாறே நோக்கின், அவை வேறொன்றைச் சொல்லுகின்றன. குருளை தேர்வார்க்கு அதுவே பெரிதும் பயன்படுவது என்பது என் கருத்து.

முதற்கண் பெயர்களை நோக்குவோம். எச்சவியலில் திசைச்சொல்லுக்கு உரை வகுத்தோர், பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர் என்றும், குட்டநாட்டார் ஞெள்ளை என்பர் என்றும் எடுத்துக்காட்டுவர். ஞமலி என்னும் சொல் பாட்டிலும் தொகையிலும் நாடு பற்றிய வரையறையின்றிப் பயின்றிருத்தலின், பண்டு பொதுவாய் இருந்த சொல் உரையாசிரியர் காலத்தில் ஒரு நாட்டளவிற் சுருங்கியதோ, அன்றி அந்நாட்டுச் சொல்லைப் புலவர் பொதுவாக்கினரோ என்பது தனியே ஆராய்தற்குரியது. ஞாளி என்னும் வடிவமும் உண்டு. இவையெல்லாம் நாய் என்னும் ஒரு பொருளையே குறித்தன. ஞமலி ஓரினம், ஞாளி மற்றோரினம் என்று கொள்வதற்குச் செய்யுட்களில் இடமில்லை. அகநானூற்று 122ஆம் பாட்டே இதற்குப் போதிய சான்றாகும். அதில் ஒரே காவல் நாய் அடுத்தடுத்த அடிகளில் ஞாளி என்றும் ஞமலி என்றும் சுட்டப்பெறுகின்றது.

பரணர் பாடிய அப்பாட்டு மற்றொரு வகையாலும் சிறப்புடையது. இரவில் தலைவியைக் காணவரும் தலைவனுக்கு ஊர் துஞ்சாமை, தாய் துஞ்சாமை, காவலர் துஞ்சாமை என இடையூறுகளை அடுக்கிவரும் தலைவி, காவலர் துஞ்சினும் நாய் குரைக்கும் என்கின்றாள். அந்நாயின் வால் வலப்புறமாகச் சுருண்டது என்பது அடைமொழியாற் பெறப்படும். இவ்வடைமொழி வெறும் அணியன்று, கண்டு கூறியது. இன்றைய சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் வால் மெலிந்து நீண்டு தாழ்ந்து, நுனியிற் சிறிதே வளைந்திருக்கும். முதுகின்மேல் வளையமாகச் சுருண்ட வால் நம் தெருக்களிலும் ஊர் மந்தைகளிலும் காணப்படும் நாட்டு நாயின் அடையாளம். ஆகவே, பரணர் கண்டது ஊர்நாயே எனத் துணிதல் தகும். இந்நாயைத் தெருநாய் என்று இகழ்வோர், இதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஓர் ஓவியம் அகநானூற்றில் உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர்.

வேட்டைக்கு வருவோம். பெரும்பாணாற்றுப்படை எயினர் முயல் பிடிக்கும் முறையை விரித்துரைக்கின்றது. அவர்கள் வேலிபோல வலைகளைத் தொடுத்து மாட்டி, நாய்களைக் கொண்டு புதர்களைக் கலைத்து, வெளிப்படும் முயல்களைப் போக்கற வளைத்துப் பிடிக்கின்றனர். இங்கு நாயின் தொழில் புதர் கலைத்தல், பிடிப்பது வலை. கரிசல் வெளியில் முயலைக் கண்ணாற் கண்டு துரத்தி, விரைவால் வென்று, தானே வாயாற் பற்றும் நாயின் தொழில் இதனின் வேறு. தொண்டை நாட்டுக் காட்டுப் புதர் ஒரு வகை நாயை வேண்டிற்று. தென்பாண்டிக் கரிசல் மற்றொரு வகை நாயை வேண்டிற்று. இரண்டையும் ஒன்றாக்குதல் இரு நிலங்களையும் ஒன்றாக்குதலோடு ஒக்கும். அவ்வெயினர் குடியிருப்பிற் காவலுக்காக நாய் தொடரியாற் பிணிக்கப்பட்டிருந்தது என்பதையும் அப்பாட்டே கூறுகின்றது.

குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனங் காக்கும் தலைவியையும் தோழியையும் தலைவனுடைய வேட்டை நாய்கள் சூழ்ந்து நெருக்குகின்றன. மூங்கில் முளையையொத்த பல்லும், பெரிய நகமும், இமையாத கண்ணும் உடையன அவை. புறநானூற்று 33ஆம் பாட்டில் சினமிக்க நாயையுடைய வேட்டுவன் மான்தசை கொண்டுவந்து உழவர் மனையில் நெல்லுக்கு மாற்றுகின்றான். பட்டினப்பாலையிலோ நாய் முற்றும் வேறான சூழலில் நிற்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முன்றிலில், வளைந்த காலையுடைய நாயேற்றை ஆட்டுக்கிடாயோடு துள்ளி விளையாடுகின்றது. குறிஞ்சி நாய் பட்டினத்து முன்றிலில் அங்ஙனம் விளையாடியிருக்குமா என்பது ஐயம். புலவர் நாயைக் கூறும்போது இனம் கூறவில்லை. அது நிற்கும் நிலத்தையும், காக்கும் மனையையும், செய்யும் தொழிலையும் கூறினர். மரபியலின் மௌனத்திற்கு இதனையே காரணமாகக் காட்டலாம்.

பிற்கால இலக்கியத்தில் நாயின் நிலை இரண்டுபடுகின்றது. நாலடியார், பழகிய பாகனையே கொல்லும் யானை போன்றார் நட்பை விலக்கி, தன்மேற் பாய்ந்த வேல் உடலில் நிற்கவும் வாலைக் குழைக்கும் நாய் போன்றார் நட்பைக் கொள்க என்கின்றது. பத்தி நூல்களிலோ அடியார் தம்மைத் தாழ்த்திக் கூறுதற்கு நாயே உவமையாயிற்று. அவ்வழக்கின் செல்வாக்கினால், நாயைப் பற்றிய பிற செய்திகள் கற்றோர் நோக்கிற்கு நெடுங்காலம் படாமற் போயின போலும்.

கல்வெட்டில் நாய் பெற்ற இடம் இதனினும் உயர்ந்தது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. எருமைகளைக் காக்கும் பொருட்டு உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்தது. அவனோடு இருந்த கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் உருவமும் வீரனருகே செதுக்கப்பட்டுள்ளது. 1972இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னர் இது அறிஞர் பலர் கருத்தை ஈர்த்தது. கருநாடகத்து ஆதகூர்க் கல் இதனோடு ஒப்பிடத்தக்கது. 949இல் நிகழ்ந்த தக்கோலப் போரிற் சிறப்புற்ற மணலேரன் என்பானுக்குப் பூதுகன் அளித்த காளி என்னும் நாய், பெரியதொரு காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாய்ந்தன என்று அக்கல் கூறுகின்றது. ஒன்று மந்தை காத்த நாய். மற்றொன்று பன்றி வேட்டை நாய். தனிப்பெயர் பெற்ற இவ்விரண்டின் இனத்தையும் கல்வெட்டு எழுதியோர் குறிப்பிட்டிலர்.

எனின், இன்று நாம் இனம் என்று வழங்குவது யாது? தந்தை, தாய் வழியைப் பதிவேட்டில் எழுதி, உருவத்திற்கு அளவுகோல் வகுத்து, அதனின் வழுவியதை விலக்கும் முறை மேலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. இலண்டனில் கென்னல் கிளப் 1873இல் நிறுவப்பட்டது. அம்முறை இங்கு வந்தபின்னரே நம் ஊர்நாய்களும் இனங்களாக எண்ணப்பட்டன. 2005 சனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராசபாளையம் அவற்றுள் ஒன்றாயிற்று. 2020இல் கால்நடை மரபுவளங்களுக்கான தேசிய நிறுவனம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முதோல் நாயோடு பதிவு செய்தது. இப்பெயர்களுள் இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்னும் மூன்றும் ஊர்ப்பெயர்களாய் இருத்தல் நோக்கத்தக்கது. நாயை நிலத்தால் அறியும் பழைய மரபு புதிய பதிவேட்டினுள்ளும் புகுந்து நிற்கின்றது. கன்னி என்னும் பெயர் மட்டும் ஊர்ப்பெயரன்று. மணப்பெண்ணுக்குச் சீராக அளிக்கப்பட்டமையால் வந்தது என்பர். சொல்லிலிருந்து கதை பிறந்ததோ என்னும் ஐயம் அதன்கண் உண்டு. இராசபாளைய நாய்கள் விசயநகரக் காலத்து வந்த குடிகளோடு வந்தன என்பதும் அத்தகைய வாய்மொழியே. அதனை வாய்மொழியாகவே கொள்ளுதல் முறை.

நிலத்திற்கும் உடலுக்கும் உள்ள இயைபு உடலியலாலும் தெளிவாகும். நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை; அடிப்பாதங்களிற் சிறிதளவே வியர்க்கும். நாவை நீட்டி இளைத்தலாலேயே அது தன் வெப்பத்தைப் போக்குகின்றது. எனவே மூக்குக் குறுகிய நாயும், பனிநாட்டிற்குரிய இரட்டை மயிர்ப்போர்வை பூண்ட நாயும் நம் கோடையில் வருந்துகின்றன. காற்றில் ஈரம் மிகுந்துழி இளைப்பினால் வெப்பம் எளிதில் நீங்காது. ஆதலின் சென்னை போன்ற கடற்கரையூர்களில் அவற்றின் துன்பம் மிகும். கோவிற்பட்டி, சிவகாசி வட்டாரங்களின் வறண்ட வெப்பத்திற்கு, குட்டையான மயிரும், கொழுப்பற்ற மெல்லுடலும், ஆழ்ந்த மார்பும், நெடுங்காலும் உடைய நாய் இயைந்தது. முதோல் நாயும் அரபு நாட்டுச் சலூக்கியும் இவ்வுருவையே உடையன. இவற்றிடையே குருதித் தொடர்பு எத்துணையாயினும் ஆகுக. வறண்ட வெளியில் ஓடிப் பிடிக்கும் தொழில் எங்கும் ஏறத்தாழ ஒரே வடிவை வேண்டுகின்றது. மேற்கு மலையடியில் கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த கோம்பை நாய் இதனின் வேறாகத் திரண்ட உடலும், வலிய தாடையும், கருத்த முகவாயும் கொண்டது. பன்றி வேட்டைக்கு உரியது.

ஆங்கிலேயர் இதனைப் பட்டறிந்தனர். அவர்தம் நாட்டு வேட்டை நாய்களை 19ஆம் நூற்றாண்டில் உதகையிற் பேணி, குளிர்ந்த புல்வெளிகளில் நரி வேட்டையாடினர். அந்நாய்கள் அங்கு வாழ்ந்தமைக்கு உதகையின் தட்பமே பெருந்துணை. ஒரே மாகாணத்துள் மலைக்கு ஒன்றும் சமவெளிக்கு ஒன்றும் பொருந்துதல் இதனாற் போதரும். 2024இல் தமிழ்நாட்டரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரிய ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் முதலிய சில அயல் இனங்களை இந்நாட்டு வெப்பத்திற்கு ஒவ்வாதன என்று கூறி அவற்றின் பெருக்கத்தை விலக்கியதும் இந்நோக்கினதே.

நிலம் பொருந்தினும் மனை பொருந்தல் வேண்டும். இதனைப் பலர் எண்ணுவதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை விலக்கப்பட்டது. அது வேண்டப்பட்டதே. ஆயினும் நூற்றாண்டுகளாக ஓட்டத்திற்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்ட நாய்களின் தொழில் அதனோடு ஒழிந்தது. ஓடும் இயல்போ ஒழிந்திலது. கரிசற் பண்ணையிற் பிறந்த சிப்பிப்பாறைக் குருளையை மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளுக்குள் வளர்ப்பவர், தம் மண்ணின் நாயைப் பேணுவதாக எண்ணி அதனை வாட்டுகின்றார். இராசபாளைய நாய் ஒருவரையே சார்ந்து நிற்கும் இயல்பினது. அயலாரை எளிதில் ஏற்காது. தோட்டமும் தொழுவமும் உடைய மனைக்கு அது அரண். விருந்தினரும் சிறுவரும் ஓயாது வந்துபோகும் மனைக்குச் சுமை. தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய குருளையை விரும்பித் தேர்வோர், அந்நிறத்தோடு செவிட்டுத்தன்மை தொடர்ந்து வருதல் உண்டு என்பதை அறிதல் வேண்டும். குருளையின் பின்னே நின்று கைதட்டி, அது திரும்புகின்றதா என்று நோக்கல் எளிய தேர்வு. எந்நாயாயினும் பிறந்து எட்டு வாரம் நிரம்புமுன் பிணவினின்றும் பிரித்தல் தகாது. ஈன்ற பிணவை நேரிற் கண்டபின் கொள்ளுதல் நன்று.

இடமும் பொழுதும் குறைந்த நகரத்து மனைக்கு எது பொருந்தும் என்று என்னை வினவின், பரணர் பாட்டிற் சுருண்ட வாலோடு நின்ற அவ்வூர்நாயின் வழிவந்த குருளையையே சுட்டுவேன். நடுத்தர உருவும் குட்டை மயிரும் உடைய அது, கடற்கரையின் ஈரவெப்பத்தையும் உள்நாட்டு வறட்சியையும் ஒருங்கே தாங்குகின்றது. அதற்குப் பதிவேடு இல்லை; விலையும் இல்லை. கோவிவன் எவ்வுருவினதாய் இருந்தது என்பதை எடுத்தனூர்க் கல்லின் புடைப்புருவத்தைக் கொண்டு செங்கம் வட்டாரத்துப் பிற நாய்க் கற்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் இனிச் செய்யத்தக்கது. வாலின் வளைவும் காதின் நிலையும் அங்கு எங்ஙனம் செதுக்கப்பட்டுள்ளன என்பதிலிருந்து அவ்வாராய்ச்சி தொடங்கலாம்.