கூடைப்பந்தாட்டம் தந்த பேராசிரியர்

கல்வி வரலாறு எழுதுவோர் தத்துவ ஞானிகளையும் கணித மேதைகளையும் விரித்துக் கூறுவர். உடற்பயிற்சி ஆசிரியருக்கு அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்புக் கிடைப்பதும் அருமை. பாடசாலை நேரசூசியிலும் நிலைமை அதுவே. சோதனை நெருங்கி, கணிதத்துக்கு நேரம் போதாதென்றால், முதலிற் பறிபோவது தேகாப்பியாச பாடமாகும். இவ்வாறு பறிப்பது சரியா என்று எண்ணிப் பார்ப்பதற்கு ஓர் உடற்கல்விப் பேராசிரியரின் வாழ்க்கை நமக்கு உதவும். அவர்தாம் கூடைப்பந்தாட்டத்தை உலகுக்கு அளித்த ஜேம்ஸ் நெயிஸ்மித்.

அவர் 1861ஆம் ஆண்டு நவெம்பர் 6ஆந் திகதி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அல்மொன்ற் என்னும் ஊரின் அருகே பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோர் இருவரும் மறைந்தனர். மாமனாரின் பண்ணையில் வளர்ந்த சிறுவன் இடையிலே பள்ளிப் படிப்பை விட்டு, காட்டில் மரம் வெட்டும் தொழிலுக்குச் சென்றான். சில ஆண்டுகளின் பின் மனந்திரும்பி, வயதிற் குறைந்த மாணவரோடு மீண்டும் வகுப்பிலமர்ந்தான். 1887இல் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கலைப்பட்டம் பெற்றான். அதன்பின் சமய போதகராகும் நோக்குடன் இறையியல் பயின்றான்.

போதகராகப் போகும் ஒருவர் றக்பி ஆட்டத்தில் முட்டிமோதுவதைக் கண்டு சக மாணவர் சிலர் வருந்தினர். நெயிஸ்மித்தின் உள்ளமோ வேறு திசையிற் சென்றது. ஆட்டக்களத்தில் ஒரு நாள், கோபத்தில் வசைச்சொல் உதிர்த்த தோழன் ஒருவன் இவர் அருகில் நிற்பதைக் கண்டதும் மன்னிப்புக் கேட்டான். பிரசங்க மேடையில் நின்று செய்யும் பணியை மைதானத்தில் நின்றும் செய்யலாம் என்பதை அவர் உணர்ந்தார். 1890இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்த வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார்.

நேயர்களே, அடுத்த ஆண்டிலே நிகழ்ந்தது ஒரு வகுப்பறைப் பிரச்சினை. பனிக்காலத்தில் வெளியே விளையாட இயலாது. உள்ளே செய்த தேகாப்பியாசமோ பதினெட்டு வாலிபர் கொண்ட ஒரு வகுப்புக்குக் கசந்தது. ஆசிரியர் இருவர் முயன்று தோற்ற பின், அவ்வகுப்பு நெயிஸ்மித்திடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய ஆட்டமொன்றை அமைக்க அவருக்குக் கிடைத்த தவணை பதினான்கு நாட்கள்.

உதைபந்து முதலான வெளி ஆட்டங்களை உள்ளே கொணர்ந்து பார்த்தார். சாளரங்களும் எலும்புகளும் ஆபத்துக்குள்ளாயின. எனவே ஆட்டங்களையே பகுத்து ஆராய்ந்தார். முரட்டுத்தனம் எங்கே தோன்றுகிறது? பந்தை ஏந்தி ஓடுபவனைத் தடுத்து வீழ்த்துவதில். அப்படியாயின் பந்துடன் ஓடுதல் ஆகாது என்று விதித்தார். இலக்கு தரைமட்டத்தில் இருந்தால் பந்தை மூர்க்கமாக அடிப்பர். தலைக்குமேல் இருந்தால் நிதானமாக வளைத்து எறிய வேண்டும். ஆகவே இலக்கை உயர்த்தினார். இரண்டு பெட்டிகள் வேண்டுமெனக் கட்டடக் காவலாளரிடம் கேட்டார். அவரிடம் இருந்தவை பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டே. அவை பத்தடி உயரத்திலிருந்த மாடத்தில் அறையப்பட்டன. அந்தப் பத்தடியே இன்றும் விதியாக நிற்கிறது.

1891 டிசெம்பரில், பக்கத்துக்கு ஒன்பது பேராக, உதைபந்து ஒன்றை வைத்துக்கொண்டு முதல் ஆட்டம் நடைபெற்றது. கிடைத்தது ஒரேயொரு புள்ளி. காலப்போக்கில் கூடைக்குப் பதிலாக இரும்பு வளையமும் வலையும் வந்தன. பெயர் மட்டும் கூடையை விடவில்லை. தமிழிலும் நாம் கூடைப்பந்தாட்டம் என்றே வழங்குகிறோம். பெண்களும் விரைவிலே இவ்வாட்டத்தை ஏற்றனர். அதுவே இங்கிலாந்து சென்று, மகளிர் கல்லூரிகளில் உருமாறி, வலைப்பந்தாட்டமாயிற்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து இலங்கை வலைப்பந்தாட்ட அணியிற் புகழீட்டிய தர்ஜினி சிவலிங்கத்தின் ஆட்டத்துக்கும், ஸ்பிறிங்பீல்டின் அப்பழக்கூடைகளுக்கும் இவ்வாறு ஓர் உறவுண்டு.

நெயிஸ்மித் அத்துடன் அமையவில்லை. டென்வர் நகரிற் பணியாற்றிக்கொண்டே மருத்துவம் பயின்று, 1898இல் வைத்தியப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் கன்சாஸ் பல்கலைக்கழகம் அவரை உடற்கல்விக்கும் பிரார்த்தனை மண்டபத்துக்கும் பொறுப்பாளராக அழைத்தது. அங்கேதான் அவருடைய எஞ்சிய வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது.

அங்கே 1907 வரை கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் விளங்கினார். அவர் காலத்திற் கன்சாஸ் அணி வென்ற ஆட்டங்கள் 55; தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் வரிசையில், வெற்றியிலும் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே அதிற் கூடுதலாகத் தோற்றவர் என்று நகைப்பது எளிது. அவருடைய அளவுகோலை அறிந்தால் நகைப்பு அடங்கும். இந்த ஆட்டம் ஆடுவதற்கு உரியது, வெல்லும் உபாயங்களைப் பயிற்றுவதற்கு உரியதன்று என்பது அவர் கொள்கை. மாணவரின் உடலைச் சோதித்து, அளவுகளைக் குறித்து, பலவீனமுற்றவனையும் வலுப்படுத்துவதே தம் முதற் கடமையென அவர் கருதினார்.

அவருடைய மாணவர் பொறெஸ்ற் அலன் இக்கொள்கையை ஏற்கவில்லை. பயிற்றுவித்தால் ஆட்டம் மேலும் சிறக்கும் என்றார். தாமே பயிற்றுநராகிக் கன்சாஸ் அணிக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட வெற்றிகளைத் தேடித் தந்தார். இவ்விருவருள் யார் கூற்றுச் சரி? அலனின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கூடைப்பந்தாட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெறப் பாடுபட்டவர்களுள் அவர் முதன்மையானவர். முதிய ஆசிரியரை அவ்விழாவுக்கு அனுப்ப நிதி திரட்டியவர்களுள்ளும் அவரே முன்னின்றார். 1936இல் பெர்லினில் 21 நாட்டு அணிகள் ஆடின. மழையில் நனைந்த திறந்தவெளிக் களத்தில் அமெரிக்கா 19, கனடா 8 என்ற கணக்கில் இறுதியாட்டம் முடிந்தது. பிறந்த நாடும், 1925இற் குடியுரிமை பெற்ற நாடும் தம் ஆட்டத்திற் பொருதுவதை 74 வயது ஆசிரியர் கண்டார்.

ஆயினும் அதே 1936இல் கன்சாசில் நிகழ்ந்த மற்றொன்றே என் மனத்தில் பெரிதாகப் படுகிறது. ஜோன் மக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் அவ்வாண்டு உடற்கல்விப் பட்டம் பெற்று வெளியேறினார். நிறத்தின் காரணமாகப் பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடமில்லை. அத்தடையை நெயிஸ்மித்தால் அகற்ற இயலவில்லை. இதை மறைத்து அவரைப் புகழ்வது வரலாறாகாது. ஆனால் அம்மாணவரைத் தம் மாணவராக ஏற்று, தம் கலை முழுவதையும் கற்பித்து, பயிற்றுநராகும் வழியைத் திறந்துவிட்டார். களத்தில் இறங்க அனுமதிக்கப்படாத அந்த மாணவர் பிற்காலத்தில் 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து தம் கல்லூரி அணியைத் தேசிய வெற்றிக்கு இட்டுச் சென்றார். இவ்வெற்றிகள் எவையும் நெயிஸ்மித்தின் கணக்கில் இல்லை.

1937இல் ஓய்வுபெற்ற பேராசிரியர் 1939 நவெம்பர் 28இற் காலமானார். தம் ஆட்டத்தைக் கொண்டு அவர் செல்வம் சேர்த்தாரல்லர். அவர் வகுத்த பதின்மூன்று விதிகள் கொண்ட இரண்டு தாள்கள் மட்டும், 2010இல் ஏலத்தில் 43 இலட்சம் டொலருக்குமேல் விலைபோயின.

தாள்களின் விலையை ஏலக்காரர் மதிப்பிடலாம். ஆசிரியரின் மதிப்பை எவ்வாறு கணிப்பது? பதினெட்டு வாலிபர் வெறுத்த ஒரு பாடவேளையை அவர் தண்டனையால் அடக்காமல் சிந்தனையால் வென்றார். அந்த ஒரு பாடவேளையிலிருந்து உலகம் ஆடும் ஓர் ஆட்டம் பிறந்தது. ஆதலால், தேகாப்பியாச பாடத்தை வேறொரு பாடத்துக்கு விட்டுக்கொடுக்குமுன் அதிபர்களும் பெற்றோரும் சற்றே தயங்குதல் நன்று. நாம் பறிக்கும் அந்த நாற்பது நிமிடத்தில் எந்த மாணவன் தன்னைக் கண்டுகொள்ளவிருந்தான் என்பதை நேரசூசி நமக்குச் சொல்வதில்லை.