உடையும் என்று தெரிந்த எண்

147573952589676412927.

இருபத்தொரு இலக்கம். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இது வரும். இது முதன்மை எண்ணா, இல்லையா? இந்தக் கேள்விக்கு 230 வருசத்துக்கு மேலாக ஒரு பிழையான பதில் அச்சில் கிடந்தது.

1644 இல் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் ஒரு பட்டியல் போட்டார். இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழிக்கும் இந்த விளையாட்டில், 257 இரண்டுகள் வரை போனால், 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே முதன்மை எண் வரும் என்றார். நிறுவல் எதுவும் தரவில்லை. பெரிய மனுசர் சொன்னது, கையால் சோதிக்கவும் ஏலாது. அப்படியே நின்றது.

1876 இல் எடுவார் லூக்கா 67 இல் கைவைத்தார். அவர் செய்ததுதான் எங்களுக்கு இந்தக் கதையிலேயே பெரிய விசயம். காரணி ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமலே இது சேர்த்தி எண் என்று காட்டினார். அதெப்படி? அவருடைய முறையைப் பின்னர் லேமர் இலகுவாக்கினார். 4 இல் தொடங்குங்கோ. வர்க்கித்து 2 ஐக் கழியுங்கோ, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்திருங்கோ, திரும்பவும் அதையே செய்யுங்கோ. 31 ஐப் பாருங்கோ, அது ஐந்து இரண்டுகள். 4, 14, பிறகு 194 இன் மீதி 8, பிறகு 62, மீதி சுழியம். இரண்டு குறைத்து மூன்று படியில் சுழியம் வந்தால் முதன்மை எண். எங்கள் எண்ணுக்கு 65 படி. கடைசியில் சுழியம் வராது. ஆக, எண் உடையும். எதால் உடையும்? அதை இந்த முறை சொல்லாது.

அதற்கு இன்னும் 27 வருசம். 1903 ஒக்டோபர் 31, நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். பிராங் நெல்சன் கோல் பலகையில் ஒரு பக்கம் இந்த எண்ணை வருவித்தார், மறுபக்கம் 193707721 ஐயும் 761838257287 ஐயும் கையால் பெருக்கினார். இரண்டும் ஒன்று. ஒரு வார்த்தையும் பேசாமல் போய் இருந்தார், சபை கைதட்டியது, இதைக் கண்டுபிடிக்க மூன்று வருச ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்பதெல்லாம் எரிக் டெம்பிள் பெல் எழுதிப் பரவிய கதை. பெல் கதையை மெருகூட்டுறவர், அதனால் நாங்கள் அந்த மௌனத்தைப் பாதிதான் நம்புகிறோம். காரணிகளை முழுதாக நம்பலாம். இந்த எண்ணை வகுக்கும் எந்த முதன்மை எண்ணையும் 134 ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 193707720 ஐ 134 ஆல் வகுத்துப் பாருங்கோ, மிச்சமில்லாமல் 1445580 வரும்.

மெர்சென் பட்டியலில் 257 உம் பிழை. 61, 89, 107 விடுபட்டும் போயின. முழுப் பட்டியலும் சரிபார்த்து முடிய 1947 ஆனது.

கோலின் பெருக்கலை நாங்களும் போட்டுப் பார்த்தோம். கல்குலேட்டரில் இருபத்தொரு இலக்கம் கொள்ளாது, அதனால் கொப்பியில்தான். சுழியத்தை விட்டால் எட்டு வரி. முதல்தரம் நடுவில் எங்கேயோ ஒரு காவியதை மறந்துபோனோம். இரண்டாம் தரம் சரியாக வந்தது.