குடை நிழலின் வரலாறு

வெயிலிலிருந்து உடலைக் காத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. ஆயின், மக்கள் அதனை எப்போது ஏற்கின்றனர், எப்போது கைவிடுகின்றனர் என்பதை வரலாற்றிடம்தான் கேட்டறிய வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பூவிருந்தவல்லியில் ஐரோப்பியப் படைவீரருக்கான முகாம் ஒன்று இருந்தது. நோயுற்றுத் தேறிவந்தோர் அங்குத் தங்கவைக்கப்பட்டனர். இந்நாட்டுக் கதிரவனின் ஒளி மண்டையோட்டைத் துளைத்து மூளையைத் தாக்கும் என்பது அக்கால ஐரோப்பியரின் அச்சம். எனவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெட்டியால் செய்த தொப்பி அவர்களிடையே பெரிதும் பரவிற்று. முதுகெலும்பைக் காக்கத் தனித் துணிப்பட்டையும் கட்டிக்கொண்டனர். இரண்டாம் உலகப் போரில் அத்தொப்பியின்றியே வீரர்கள் போரிட்டனர். அஞ்சிய கேடு நேரவில்லை. அச்சத்தால் வந்த வழக்கம் அச்சத்தோடே அகன்றது.

அந்நியர் தலையில் தொப்பி ஏறிய அதே நூற்றாண்டில், தெற்கே திருவிதாங்கூரில் நாடார் முதலிய மக்களுக்குக் குடை பிடிக்கும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. மன்னரின் வெண்கொற்றக்குடை பெருமையின் சின்னம் அன்றோ! நாளெல்லாம் வெயிலில் பனையேறியவர்க்கு அந்தப் பெருமை கூடாதென்றது சாதி. காலணிக்கும் தடை, பெண்களின் மேலாடைக்கும் தடை. நெடிய போராட்டத்தின் பின், 1859இல் வந்த அரசாணையும் மேலாடை உரிமையை வரம்புகளோடுதான் வழங்கிற்று. நிழல் தேடும் விருப்பம் அம்மக்களிடம் இல்லாமலா போயிற்று? உரிமையன்றோ இல்லாதிருந்தது!

நம் காலத்தில் வேறொரு பாடத்தைக் கற்பித்த நாடு ஆஸ்திரேலியா. வெளிர்நிறத்தோர் மிகுந்த அந்நாட்டில் தோல் புற்றுநோய் பெருந்துயரம். 1981இல், சட்டை அணியவும் களிம்பு பூசவும் தொப்பி வைக்கவும் அழைக்கும் எளிய பாடலொன்று தொலைக்காட்சியில் ஒலித்தது. பின்னர்ப் பல பள்ளிகள், தொப்பியில்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட்டில்லை என விதித்தன. 1992 முதல் 1996 வரை நாம்பூர் என்னும் ஊரில் 1,621 பேரிடம் ஆய்வு நடந்தது. நாள்தோறும் களிம்பு பூசியவர்களிடம் ஒருவகைத் தோல் புற்று ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. உண்மையான அறிவும் ஊரார் அனைவர்க்கும் பொதுவான நெறியும் இணைந்ததால் அங்கே வழக்கம் வேரூன்றியது.

அவர்களுடைய நெறியை நாம் அப்படியே பெயர்த்து நடுவதற்கில்லை. நம் கருநிறமே ஒரு காப்பு. ஆகவே நம்மிடையே தோல் புற்று அரிது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வண்டியோட்டிச் செல்லும் பெண்கள் முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்வது பெரும்பாலும் புழுதிக்கும் நிறம் கறுத்துவிடுமோ என்ற கவலைக்குமே. காப்பாக அமைந்த நிறத்தையே குறையெனக் கருதுவது எத்துணைப் பேதைமை!

ஆயினும், பிறவியிலேயே நிறமி குன்றியோர்க்கு வெயில் வாழ்நாள் முழுதும் புற்றுநோயின் வாயில். ஆவடிச் சாலையில் தார் ஊற்றுவோர்க்கோ வெப்பமே எமன். தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இவர்களிடம், 'குடை பிடி, நிழலில் நில்' என்றால் போதுமா? நண்பகலில் வேலையை நிறுத்தினால் கூலி குறையும். நிமிர்ந்து பார்த்தால் மரமில்லை.

முன்பு சாதி மறுத்த நிழலை இன்று கூலியும் வெட்டவெளியும் மறுக்கின்றன. மக்கள் மனம் ஏற்குமா என்று வினவுமுன், ஏற்பதற்கு நாம் இடம் விட்டிருக்கிறோமா என்று நம்மையே வினவிக்கொள்வோம்.