துப்பாக்கி செய்யப் படிக்க முடியுமா?

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் தெருவுக்குத் தெரு சி.ஏ. கோச்சிங் இருக்கிறது. துப்பாக்கி செய்யக் கற்றுத்தருகிற இடம்? தேடினாலும் கிடைக்காது. ஏன் என்று கேட்டால் வரலாற்றுக்குள்தான் போக வேண்டும்.

பாளையக்காரர்கள் காலத்தில் நம் தென் சீமையில் வேல், வாளோடு துப்பாக்கியும் இருந்தது. 1799-ல் கட்டபொம்மன், 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதோடு கும்பினி விடவில்லை. 1801 டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார்: ஆயுதங்களை எல்லாம் ஒப்படைக்க வேண்டும். நான் காமர்ஸ் மாணவன், அதனால் இப்படித்தான் யோசிக்கத் தோன்றுகிறது: வாங்குபவனே இல்லையென்றால் பழுது பார்க்கிற கொல்லனுக்கு வேலை ஏது? அவன் மகன் எதற்காகத் தொழில் பழகுவான்?

அடுத்த அடி 1878-ல். வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது, விற்பது எல்லாம் குற்றம். வேடிக்கை என்னவென்றால், அதே 1878-ல் ஆஸ்திரியாவில் ஃபெர்லாக் என்ற சின்ன ஊரில் துப்பாக்கித் தொழிலுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள்! அது இன்றும் நடக்கிறது. அங்கே பரம்பரைத் தொழில் பாடத்திட்டம் ஆனது. இங்கே அது லைசென்ஸ் ஃபைலுக்குள் போனது.

வடக்கே பீகாரில் முங்கேர் கொஞ்சம் தப்பியது. 1760-களில் நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி, ஆயுதப் பட்டறையும் வைத்தார். லைசென்ஸ் பெற்ற சிறு தொழிற்கூடங்கள் அங்கே பிழைத்தன. ஆனால் இன்று அந்த ஊர் பெயர் அதிகம் அடிபடுவது கள்ளத் துப்பாக்கி செய்திகளில்தான். கைத்திறமைக்கு நேர்வழியில் போதிய வேலை இல்லாவிட்டால் அது குறுக்குவழியில் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சரி, இப்போது ஆசைப்படுபவர் என்ன செய்யலாம்? 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, தொழிலாகப் பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். ஆகவே வீட்டில் பழக வழியில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் முடித்துவிட்டு அப்ரண்டிஸாகச் சேர முயலலாம். நமக்குப் பக்கத்தில் இருப்பது 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. 2021 அக்டோபர் முதல் அது ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

எல்லோரும் துப்பாக்கி செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் கட்டுப்பாட்டோடு பள்ளிக்கூடமும் வைக்கலாம் என்று ஃபெர்லாக் காட்டியிருக்கிறது. நம் கொல்லர்களுக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் கிடைத்தது.