சிக்கனத்திலிருந்து இன்டெக்ஸ் ஃபண்ட் வரை: பணம் பேசும் நூல்களின் வரலாறு

தனிநபர் நிதி குறித்த நூல்களை விற்பனையை வைத்தோ ஆசிரியரின் புகழை வைத்தோ தரம் பிரிப்பது வழக்கம். காலவரிசைப்படி அடுக்கிப் பார்த்தால் வேறோர் ஒழுங்கு புலப்படுகிறது. சாதாரணக் குடும்பத்தின் சேமிப்பு எங்கே இருந்தது, முதுமைக்கு யார் பொறுப்பு என்பவை மாறியபோதெல்லாம் நூல்களின் அறிவுரையும் மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தை அமெரிக்க நூல்களில் தெளிவாகக் காணலாம்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் பஞ்சாங்கத்தின் 1758ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையே பின்னர் 'தி வே டு வெல்த்' என்ற சிறு நூலானது. ஏலத்துக்குக் கூடிய மக்களிடம் ஒரு முதியவர் உழைப்பையும் சிக்கனத்தையும் எடுத்துச் சொல்கிறார். கடனைத்தான் அவர் பெரும் பகையாகக் காட்டுகிறார். பங்கு வாங்குவது எளியவர்களுக்கு எட்டாத காலம் அது. ஒரு நூற்றாண்டு கழித்து, பிரிட்டனில் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்' (1859), 'த்ரிஃப்ட்' (1875) ஆகியவையும் இதே தடத்தில் சென்றன.

சேமிப்பு வங்கிக்கும் காப்பீட்டுக்கும் நகர்ந்த காலத்தின் நூல், ஜார்ஜ் கிளாசனின் 'தி ரிச்சஸ்ட் மேன் இன் பாபிலோன்' (1926). வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்துவைக்கச் சொல்லும் அந்தக் கதைகள், தொடக்கத்தில் சிறு வெளியீடுகளாக வந்தன. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அவற்றை வாங்கி மக்களிடம் வழங்கின.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் 381 புள்ளிகளைத் தொட்டிருந்த டோ ஜோன்ஸ் குறியீடு, 1932 ஜூலையில் 41க்கு விழுந்தது. அந்தச் சரிவில் தாமும் பெரும் இழப்பைச் சந்தித்தவர் பெஞ்சமின் கிரஹாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவந்த அவர், டேவிட் டாடுடன் சேர்ந்து 1934இல் 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' நூலைத் தொழில்முறை ஆய்வாளர்களுக்காக எழுதினார். அதன் சாரத்தைப் பொதுவாசகர்களுக்குத் தந்தது 1949இல் வந்த 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'. பங்கு என்பது ஒரு தொழிலில் உரிமை, அதன் உள்ளார்ந்த மதிப்புக்கும் வாங்கும் விலைக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளி வேண்டும் என்ற இரண்டு கருத்துகளும் அதன் தூண்கள். 1950இல், 19 வயதில் இதைப் படித்த வாரன் பஃபெட், பின்னர் கிரஹாமிடமே மாணவராகச் சேர்ந்தார்.

கிரஹாமின் வழிக்குப் பொறுமையும் கணக்கறிவும் தேவை. அவை வாய்க்காதவர்களுக்கு வேறு வழி காட்டியவர் பிரின்ஸ்டன் பொருளியல் பேராசிரியர் பர்ட்டன் மால்கியல். 1973இல் வெளியான 'எ ரேண்டம் வாக் டவுன் வால் ஸ்ட்ரீட்' நூலில், சந்தை முழுவதையும் குறைந்த செலவில் வாங்கித்தரும் ஒரு ஃபண்ட் வேண்டும் என்று வாதிட்டார். மூன்றே ஆண்டுகளில் ஜான் போகிளின் வான்கார்ட் நிறுவனம் பொதுமக்களுக்கான முதல் இன்டெக்ஸ் ஃபண்டைக் கொண்டுவந்தது. 15 கோடி டாலரை எதிர்பார்த்த வெளியீட்டில் திரண்டது 1.13 கோடி டாலர்தான். நூலில் எழுந்த கோரிக்கை கைக்கெட்டும் முதலீடாக மாறியதால், பிந்தைய பதிப்புகளில் மால்கியல் அதையே வாசகர்களுக்குப் பரிந்துரைக்க முடிந்தது.

அடுத்த திருப்பம் சட்டத்தில் நிகழ்ந்தது. 1978ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் 401(கே) பிரிவைப் பயன்படுத்தி, 1980களில் அமெரிக்க நிறுவனங்கள், ஊழியரும் பணம் செலுத்தும் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாறத் தொடங்கின. எந்த ஃபண்டில் போடுவது என்ற முடிவும் அதன் ஆபத்தும் தொழிலாளியின் தலையில் ஏறின. அந்தச் சூழலில்தான் பீட்டர் லிஞ்சின் 'ஒன் அப் ஆன் வால் ஸ்ட்ரீட்' (1989), ஸ்டான்லியும் டாங்கோவும் எழுதிய 'தி மில்லியனர் நெக்ஸ்ட் டோர்' (1996), ராபர்ட் கியோசாகியின் 'ரிச் டாட் புவர் டாட்' (1997) ஆகியவை வாசகர்களைச் சென்றடைந்தன. இவற்றில் இரண்டாவது நூல் கருத்தாய்வுகளின் மேல் நிற்கிறது. பல கோடீஸ்வரர்கள் எளிமையாக வாழ்பவர்கள் என்பது அதன் கண்டறிதல். கியோசாகியின் நூல் சொத்து, கடன்பொறுப்பு என்ற வேறுபாட்டை எளிதில் மனத்தில் பதிக்கிறது. ஆனால் சான்றைவிடக் கதையையே அதிகம் நம்புகிறது.

அறிந்தும் மனிதர்கள் ஏன் சேமிப்பதில்லை என்ற கேள்வியை நடத்தைப் பொருளியல் எடுத்துக்கொண்டது. ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் வகுத்த திட்டத்தில், சம்பளம் உயரும்போது சேமிப்பு விகிதமும் தானாக உயரும். 2004இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. தேலர் இணைந்து எழுதிய 'நட்ஜ்' (2008) இந்தச் சிந்தனையைப் பரவலாக்கியது. மார்கன் ஹவுசலின் 'தி சைக்காலஜி ஆஃப் மணி' (2020) பணத்தோடு மனம் நடத்தும் போராட்டத்தைக் கதைகளாகச் சொல்கிறது.

ஓய்வூதியப் பொறுப்பு இடம்மாறியது இந்தியாவிலும் நடந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த தமிழக அரசு ஊழியர்களுக்கும், 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்கும் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. அதே பத்தாண்டில் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' நூலும் 'நாணயம் விகடன்' இதழும் பங்குச் சந்தையைத் தமிழில் விளக்கத் தொடங்கின. இன்று தொடங்கும் வாசகர் செலவுக் கட்டுப்பாட்டுக்குக் கிளாசனையும், முதலீட்டுக்கு மால்கியலையும், தன் மனத்தை அறிய ஹவுசலையும் படிக்கலாம். தனிப் பங்குகளை வாங்க முனைபவர் அதற்கு முன்பே கிரஹாமை முடித்திருக்க வேண்டும். அமெரிக்க நூல்களின் வரி, கணக்கு விவரங்கள் இங்கே பொருந்தாது என்பதால், அவற்றைத் தேசிய ஓய்வூதியத் திட்டம், பொது வருங்கால வைப்பு நிதி (பிபிஎஃப்), மியூச்சுவல் ஃபண்ட் விதிகளோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும்.