காலக்ஸிகளில் விண்மீன் பிறப்பும் பேரண்டப் பின்னலும்

ஒரு காலக்ஸியில் விண்மீன்கள் பிறக்கும் வேகம், பேரண்டத்தில் அது எங்கே குடியிருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. காலக்ஸிகள் வெளியில் சீராகப் பரவிக் கிடக்கவில்லை. கொத்துகளாகவும் அவற்றை இணைக்கும் நீண்ட இழைகளாகவும் சேர்ந்து, நடுவே பெரும் வெற்றிடங்களை விட்டிருக்கின்றன. இந்த அமைப்பே பேரண்டப் பின்னல்.

கொத்துகளில் நீள்வட்டக் காலக்ஸிகளே மிகுதி என்பதை எட்வின் ஹபிளும் மில்டன் ஹியூமேசனும் 1931-லேயே குறித்திருந்தார்கள். அதை அளந்து நிறுவியவர் ஆலன் டிரெஸ்லர். 55 கொத்துகளைச் சேர்ந்த சுமார் 6,000 காலக்ஸிகளை வகை பிரித்து, காலக்ஸிகளின் நெருக்கம் கூடக் கூடச் சுருள் காலக்ஸிகள் குறைவதை 1980-ல் காட்டினார். இத்துறைக்கு அடித்தளம் என்று ஒரே கட்டுரையைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும். விண்மீன் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். அது ஏராளமாக இருப்பது சுருள் காலக்ஸிகளில்தான்.

கொத்துக்குள் அந்த வாயு என்ன ஆகிறது? 1972-ல் ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் ஒரு விடை தந்தார்கள். கொத்தின் உள்வெளி முழுவதும் கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது. நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவு வேகத்தில் அதற்குள் பாயும் காலக்ஸியை எதிர்க்காற்றுபோல் அது தாக்கி, குளிர்ந்த வாயுவை உரித்துவிடுகிறது. சுமார் 22 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள நார்மா கொத்தில் இ.எஸ்.ஓ. 137-001 என்ற காலக்ஸியில் இதைக் கண்ணாரக் காணலாம். ஹபிள் தொலைநோக்கி எடுத்த படத்தில் அதன் தட்டுக்குப் பின்னால் நீல நூல்கள் தொங்குகின்றன. உரிந்து போகும் வாயுவிலேயே பிறந்த இளம் விண்மீன்கள் அவை. இத்தகையவற்றுக்கு ஜெல்லிமீன் காலக்ஸிகள் என்று பெயர்.

வலேரி டி லப்பாரான், மார்கரெட் கெல்லர், ஜான் ஹூக்ரா மூவரும் 1986-ல் வெளியிட்ட வரைபடம் இழைகளையும் வெற்றிடங்களையும் தெளிவாகக் காட்டியபின், ஆய்வாளர் பார்வை கொத்துகளைத் தாண்டி விரிந்தது. விண்மீன் பிறப்பு கொத்தின் எல்லைக்கு வெளியிலேயே தணியத் தொடங்குவதை 2002-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த 2டிஎஃப் காலக்ஸி அளவாய்வு கண்டது. அந்தத் தணிவுக்கும் முன்னே இன்னொரு கட்டம் உண்டு. இழை வழியாகக் கொத்தை நோக்கி வரும் காலக்ஸிகளில் விண்மீன் பிறப்பு சற்றே பொங்கி எழுந்து, பிறகே அடங்குகிறது. பின்னாளில் புனேயின் ஐயூகா வானியல் நிறுவன இயக்குநரான சோமக் ராய்சௌதுரியும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் இதைப் பதிவு செய்தார்கள். இழையில் அருகருகே வரும் காலக்ஸிகள் ஒன்றையொன்று ஈர்த்து வாயுவைக் கலக்குவதே காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

இடம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. காலக்ஸியின் நிறையும் சூழலும் தனித்தனியே விண்மீன் பிறப்பை அணைக்கின்றன என்று யிங்ஜியே பெங் குழு 2010-ல் பிரித்துக் காட்டியது. காலமும் கணக்கில் வர வேண்டும். இன்றைக்கு மாறாக, ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகளுக்கு முன் நெருக்கமான இடங்களில்தான் விண்மீன்கள் அதிகம் பிறந்தன என்று டேவிட் எல்பாஸ் குழு 2007-ல் அறிவித்தது. பின்வந்த ஆய்வுகள் சில இதை ஏற்றன, சில மறுத்தன. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.