ஜன்னல் போய் கேமரா வந்தது டும் டும் டும்

பக்கத்து வீட்டு அண்ணன் போன மாசம் கேமரா மாட்டினார். வாசலில் நிறுத்திய பைக் காணாமல் போன கடுப்பு, தப்பே இல்லை. ஆனா நாலில் ஒண்ணு எங்க வீட்டுத் துவைக்கிற கல்லையே பார்த்துக்கிட்டு நின்னது. அம்மா பின்பக்கம் துணி காயப்போடுவதையே நிறுத்திட்டாங்க. கேட்டா, "யாரோ பாக்குற மாதிரியே இருக்குடா".

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் கூப்பிடு தூரம். மனு கொடுக்கலாம். எந்தச் சட்டத்தைச் சொல்லி? தேடினதில் மாட்டியதுதான் இந்தக் கதை.

இது ஜன்னல் காலத்துச் சண்டைங்க. 1882 வசதியுரிமைச் சட்டம், 18-ஆம் பிரிவில் ஒரு உதாரணமே இருக்கு: ஊர் வழக்கம் அப்படி இருந்தால், பக்கத்து வீட்டு அந்தரங்கம் தெரிகிற மாதிரி புது ஜன்னல் வைக்கக் கூடாது. 1888-ல் அலகாபாத் ஹைகோர்ட் அப்படி ஒரு வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் 1860-களிலேயே வேற கட்சி: ஜன்னல் திறந்தது குற்றமில்லை, வேணும்னா உன் இடத்தில் மறைப்பு கட்டிக்கோ!

அப்புறம் 1962. ராத்திரியில் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டுவது செல்லாது என்ற சுப்ரீம் கோர்ட், அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்றும் சொன்னது. 1994-ல் நம்ம ஊர் வழக்கு. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா? அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்ற அதே தீர்ப்பு, வீடு, குடும்ப விஷயத்தில் தனியாக விடப்படும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்றது. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அதை அடிப்படை உரிமை ஆக்கினார்கள்.

சரி, இதெல்லாம் பெரும்பாலும் அரசாங்கத்துக்கு எதிராக. பக்கத்து வீட்டுக்காரர்? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு கொடுத்துடுச்சு. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-லேயே, வீட்டுக் கேமரா பொதுத் தெருவையும் பிடித்தால் அந்த விலக்கு கிடையாதுன்னு சொல்லிடுச்சு. இங்கே 2025-ல் கல்கத்தா ஹைகோர்ட், ஒரே வீட்டில் இருந்த அண்ணன் தம்பி வழக்கில், கூடக் குடியிருப்பவர் சம்மதமில்லாமல் குடியிருக்கும் பகுதியில் கேமரா கூடாது என்றது. சுப்ரீம் கோர்ட்டும் தலையிடவில்லை.

ஜன்னலில் பார்க்கிறவர் அலுத்துப் போய் உள்ளே போயிடுவார். கேமராவுக்கு அலுப்பு கிடையாது, பார்த்ததைச் சேர்த்தும் வைக்கும். அம்மாவின் பயம் அதுதான்.

கடைசியில் மனு எழுதலை. போய், "அண்ணா, உங்க போன்ல ஒரு தடவை பாருங்க"ன்னேன். பார்த்தார். கொடியில் என் லுங்கி, கல் பக்கத்தில் அம்மாவின் பக்கெட். "அட, மாட்டினவன் வெச்ச வாக்குல விட்டுட்டேன்பா" என்று அன்னிக்கே திருப்பிட்டார்.

அம்மா இப்போ பின்பக்கம்தான் துணி காயப்போடுறாங்க. ஆனா ஒரு தடவை மேலே பார்த்துட்டு.

உங்க தெருவில் எப்படி? சொல்லுங்க மக்களே.